ஆடி மாதத்துப் பொங்கல் வாழ்த்து

"என் மெஷின்ல வருதே சார்!"

வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதி நேரம் அதைச் சொன்னவனே நான்தான். விருப்ப ஓய்வு பெற்று (விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள்) வீட்டில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வெற்றிகளைப் பற்றி மற்ற சீனியர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருந்த தலைப்பு குழப்பம். அந்தத் துறையில் எனக்குப் போட்டியே கிடையாது.

நடந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், காஞ்சிபுரத்தில். நான் அப்போது இருந்த கம்பெனியில் மூன்று உறுப்பினர்கள்: ஓனர், நான், ஒரு பிரிண்டர். அதில் அதிகம் மதிக்கப்பட்டது பிரிண்டர்தான். காந்தி ரோட்டில் இருந்த ஒரு பட்டுக்கடைக்கு வெப்சைட் செய்து தரும் வேலை எங்களுக்கு வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சேலையின் பாடிக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறம் என்று தாங்களே பொறுக்கி ஆர்டர் கொடுக்கலாம். அந்த நிறத்தில் நூலுக்குச் சாயம் போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய யோசனை.

யோசனை பத்மாவுடையது. பத்மா அந்த வீட்டு மருமகள். எம்.சி.ஏ. படித்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற பழைய வியாபாரக் குடும்பம் அது. பெண்கள் கடைக்கு வருவது தீபாவளிக்குச் சேலை எடுக்க மட்டும்தான். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த பெண் அந்த வம்சத்திலேயே கிடையாது. கம்ப்யூட்டரைக் காரணம் காட்டி, கடையின் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்குப் பத்மா முன்னேறியிருந்தார்.

அவருடைய மாமனார், கடை முதலாளி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு சேல. ஒரே ஒரு சேல, மொதல்லேந்து கடைசி வரிக்கும் அந்தப் பொட்டி வழியா ஆர்டர் வரட்டும். வந்தா நீ உக்காரு. வரலன்னா ரூமை காலி பண்ணிக் குடுத்துரு. பொட்டி அடுக்க எடமில்ல எனக்கு."

"போன்ல கலர் சொன்னாங்கன்னா ஒத்துக்குவீங்களா மாமா?"

"போன்ல சொல்றதுக்கு போன் இருக்குதும்மா. அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?"

பத்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். 

இங்கே கொஞ்சம் நம் தொழில். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் பட்டுக்கடைக்குப் போனால் வாசலில் ஒருவர் "வாங்கம்மா, வாங்க" என்று கும்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுப்பார். சேலையைப் பற்றிக் கேட்டால் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்தான் சேலையை எடுத்துப் போடுவார். அவருக்குத் தெரு தெரியாது, வாசல் ஆள் சொல்வதுதான் தெரியும். வெப் சர்வர் என்பது அந்த வாசல் ஆள். ஜாவா சர்வர் உள்ளே இருப்பவர். சென்னையில் வாடகைக்கு எடுத்த ஒரு மெஷினில் இருவரையும் வைத்து, ஒருவர் கேட்பதை மற்றவர் புரிந்துகொள்ளும்படி அமைப்பது என் வேலை. நான் அதைச் சிறப்பாகச் செய்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதமே பத்மாவின் கம்ப்யூட்டரில் முதலாளிக்கு ஒரு மாதிரி காட்டியிருந்தேன். கடைக்கு அப்போது இன்டர்நெட் இணைப்புகூட வரவில்லை. அவரைக் குஷிப்படுத்த, பக்கத்தின் உச்சியில் பானையும் கரும்பும் போட்டு "பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தேன். முதலாளி கரும்பைத்தான் பார்த்தார். சேலையைப் பார்க்கவில்லை. பிறகு உண்மையான சைட்டைச் சென்னை மெஷினில் ஏற்றும்போது பானையை எடுத்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. முதல் ஆர்டரும் வந்தது. வந்தது என்றால், வாசல் வரை வந்தது.

கனடாவில் இருந்து ஓர் அம்மா. சொந்த ஊர் ஓரிக்கை. மகளுக்கு ஆவணிக் கடைசியில் இங்கேயே கல்யாணம். முகூர்த்தச் சேலையைச் சைட்டில் பார்த்து, நிறம் எல்லாம் தேர்ந்தெடுத்துவிட்டார். அடுத்த பக்கத்தில் சேலை முழுசாகத் தெரியும், பார்த்து "உறுதி" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பக்கம் அவருக்கு வரவேயில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டார் பத்மா.

"வெள்ளையா வருதுபா. பேஜ் கெடைக்கலன்னு போட்டு இருக்குது."

"இங்க வருதே ஆன்ட்டி! இப்பதான் நான் அமுக்கினேன். சூப்பரா வருது," என்றேன் நான்.

"அப்டியா... உங்களுக்கு வருதா..." அந்தக் குரல் ஒரு மாதிரி இறங்கியது. நான் அதைக் கவனிக்கவில்லை. நமக்குத்தான் திரையைத் தவிர எதுவும் காதில் விழாதே.

நான் வேலையை ஆரம்பித்தேன். அதாவது, காரணம் தெரியாமலே சரிசெய்ய ஆரம்பித்தேன். அவருடைய கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கும் வரவில்லை. தெருவுக்கே ஒரே இணைப்பாக இருக்கலாம் என்று வேறு பேட்டையில் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மா சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டார்.

"அங்கயும் வரலபா. அவங்க எதிர்ல வெச்சி அமுக்குறேன், வெள்ளையா வருது. 'இந்தக் கடைலயா முகூர்த்தச் சேல எடுக்கறீங்க'ன்னு ஒரு பார்வ பாத்தாங்க பாரு..."

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம், இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணேன் சார்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"அப்ப கனடால ஏதோ பிரச்சன," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒரு நாட்டையே குற்றம் சொல்லும் தைரியம் அனுபவத்தால் வருவது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. பத்மா கடையிலிருந்து சோதனைக்காக ஆர்டர் போட்டால், "ஆர்டர் பதிவாயிற்று, நன்றி" என்று அழகாக வரும். ஆனால் சைட்டின் ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

"போட்ட ஆர்டர் எங்க சார் போகுது?"

"அது கேஷ்ல இருக்கும்மா."

புரியாத எதையும் கேஷ் (கல்லாவில் இருக்கும் கேஷ் இல்லை, மெஷின் தற்காலிகமாக எடுத்து வைக்கும் நகல்) என்று சொல்லிவிடுவது நம் தொழிலின் விபூதி. எந்த நோய்க்கும் பூசலாம், கேடில்லை.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒவ்வொரு தடவ 'சரி ஆயிடுச்சு'ன்னு சொல்றப்பவும் நான் இந்த ரூமை ஒரு தடவ சுத்திப் பாத்துக்கறேன்."

முதலாளிக்கோ குழப்பமே இல்லை. அவருக்கு எல்லாம் தெளிவாக விளங்கிவிட்டது.

"அட, உங்களுக்குப் புரியலியா? நாப்பது வருசமா கடைல உக்காந்துக்கினு இருக்கிறேன். எந்தப் பொம்பளையாவது 'சேல புடிக்கல'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி இருக்குதா? சொல்லாது. 'வீட்ல கேட்டுட்டு வரேங்க'ன்னு எழுந்து போவும். அவ்ளோதான், திரும்பி வராது. இந்தம்மாவும் அதான் சொல்லுது. ஊரு கனடா ஆயிட்டதால 'பேஜ் வரல'ங்குது."

இதை மறுக்க எங்களிடம் ஆதாரம் இல்லை. எங்கள் கண்ணெதிரில் அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று வருகிறதே! நானே கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். பத்மா மட்டும் நம்பவில்லை. "சேல புடிக்காதவங்க சம்பந்தி வீடு வரைக்கும் போய் அமுக்க மாட்டாங்க மாமா" என்றார். மாமா அட்டைப் பெட்டிகளை அளவெடுப்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

ஆடிப்பெருக்கு அன்று அந்தச் சேலையைத் தறியில் ஏற்றினால்தான் கல்யாணத்துக்குள் அறுத்து எடுக்க முடியும். அதற்கு முன் நூலுக்குச் சாயம் ஏற வேண்டும். சாயப்பட்டறை ஆள் நூலை வாங்கிப் போக வருவதாகச் சொன்ன நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் அவர் வருவதற்குள் நிறம் தெரிய வேண்டும், அதுவும் பெட்டி வழியாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் நூல் வேறு யாருடைய சேலைக்கோ பச்சைச் சாயத்துக்குப் போகும். பத்மா வீட்டுக்குப் போவார்.

அன்று மத்தியானம் நான் கடையில் உட்கார்ந்து, சென்னை மெஷினில் இருந்த ஜாவா சர்வரை மறுபடியும் நிறுத்தினேன். அமைப்பை முதலிலிருந்து படித்துப் பார்க்கலாம் என்று எண்ணம். நிறுத்தியதைப் பத்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் தன் கம்ப்யூட்டரில் அந்தக் கடைசிப் பக்கத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். "உறுதி"யை அமுக்கினார்.

"ஆர்டர் பதிவாயிற்று, நன்றி."

"வருது சார்," என்றார் சோர்வாக.

"வராதும்மா."

"வந்துடுச்சு சார். பாருங்க."

"வரவே முடியாது. சர்வரை நிறுத்தி வெச்சிருக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிறுத்தி வைத்த சர்வர் ஆர்டர் வாங்குகிறது. கடையை மூடி, பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு தெருவில் நிற்கிறோம், உள்ளேயிருந்து யாரோ "என்ன கலர் வேணும்மா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். நன்றி அப்படியே இருந்தது.

அப்போது முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சிரித்தார்.

"இன்னா இன்ஜினியரே, ஆடி மாசத்துல பொங்கல் வாழ்த்து சொல்ற கடை இந்தக் காஞ்சிபுரத்துலயே நம்ம கடை ஒண்ணுதான்!"

திரையின் உச்சியில் பானை. பக்கத்தில் கரும்பு. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் கீழே இருந்த பொத்தானை மட்டும் பார்த்திருக்கிறோம்.

"இந்தப் பானையை நான் எடுத்துட்டேனே..." என்றேன்.

"நீங்க எடுத்தீங்க. பான போவல," என்றார் முதலாளி.

சென்னை மெஷினில் பானை இல்லை. அப்படியென்றால் இந்தப் பக்கம் சென்னையிலிருந்து வரவில்லை. பின்னே எங்கிருந்து வருகிறது? சேலைப் படம் பெரிதாகத் தெரியட்டும் என்று பிரவுசரின் மேல்பட்டையை நானே மறைத்து வைத்திருந்தேன். அதைத் திரும்ப வரவழைத்தேன். முகவரியில் கடையின் பெயரே இல்லை. "லோக்கல்ஹோஸ்ட்" என்று இருந்தது, பின்னால் ஜாவா சர்வரின் எண்ணோடு.

புதியவர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். லோக்கல்ஹோஸ்ட் என்பது ஓர் ஊரின் பெயர் அல்ல. "இதே மெஷின்" என்று அர்த்தம். யார் சொன்னாலும், அவரவர் மெஷின். தை மாதம் மாதிரி காட்டியபோது பத்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு ஜாவா சர்வரை வைத்துவிட்டு அதை மறந்தே போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அது விசுவாசமாக எழுந்து உட்கார்ந்திருக்கிறது. வேலை கொடுத்தால் செய்தும் இருக்கிறது. என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று உண்டு.

"மாமா, நான் நேர்ல பாக்கணும்," என்றார் பத்மா. "வெளியேந்து பாத்தா என்ன வருதுன்னு."

"நானும் வரேன்," என்றார் முதலாளி. "இந்தப் பொட்டிய இனிமே நான் நம்பமாட்டேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். தடுப்புப் பலகையும் திரைச்சீலையும் போட்ட சின்னச் சின்ன அறைகள். வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ஒரு பெரியவர் நுழைந்ததும், திரைகளுக்குப் பின்னால் படபடவென்று மவுஸ் சத்தம். ஏனாத்தூர் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் திடீரென்று பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மூன்று பேரும் ஓர் அறைக்குள் நெருக்கி உட்கார்ந்தோம். சென்னையில் நிறுத்திய சர்வரை அங்கிருந்தே ஓடவிட்டேன். பிறகு எங்கள் சைட்டை முதல்முறையாக ஓர் அந்நியனைப்போலத் திறந்தேன். முதலாளி மவுஸைக் கேட்டு வாங்கினார். பாடிக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறம். அமுக்கினார்.

வெள்ளை. பேஜ் கிடைக்கவில்லை.

முதலாளி இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். அதே வெள்ளை.

"அந்தம்மா பொய் சொல்லல," என்றார்.

"இல்ல மொதலாளி. வாசல்ல நிக்கிற சர்வர், வந்த ஆளை உள்ள அனுப்பிடுச்சு. உள்ள இருக்கிற சர்வருக்கு வாசல் எங்க இருக்குதுன்னே தெரியாது. அடுத்த பக்கத்துக்கு எங்க வரணும்னு கேட்டா, தான் உக்காந்து இருக்கிற எடத்தச் சொல்லுது. 'இதே மெஷினுக்கு வா'ன்னுது. வாசல் ஆளு அதத் திருத்திச் சொல்லி இருக்கணும். நான் அவனுக்கு அதச் சொல்லித் தரல. அப்படியே தெருவுல சொல்லிட்டான்."

"சரி, அந்தம்மா அமுக்கினா 'இதே மெஷின்'னா எது?"

"அவங்க மெஷின்தான்."

"அவங்க வீட்ல இருக்கிறதா?"

"ஆமா."

"சம்பந்தி வீட்ல அமுக்கினா?"

"சம்பந்தி வீடு."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். தடுப்புப் பலகை ஒருமுறை ஆடியது.

"அப்ப 'வீட்ல கேட்டுட்டு வரேன்'னு அந்தம்மா சொல்லல. 'உங்க வீட்லயே போய்க் கேட்டுக்கோங்க'ன்னு நம்ம கடைதான் சொல்லிக்கினு இருந்திருக்குது!"

அதைவிடத் தெளிவாக அந்தக் கோளாறை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. திருத்தத்துக்கு ஒரே ஒரு வரிதான். உள்ளே இருப்பவன் சொல்லும் முகவரியைக் கடையின் முகவரியாக மாற்றிச் சொல் என்று வாசல் ஆளுக்கு ஓர் உத்தரவு. எழுதினேன். மறுபடி அமுக்கினோம். சேலை முழுசாக வந்தது. பானை இல்லை.

"கரும்பு இருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் முதலாளி.

கடைக்குத் திரும்பியபோது சாயப்பட்டறை ஆள் வாசலில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். "பச்ச நூலா, வேறயா, சொல்லுங்க. நான் போவணும்" என்றார். அங்கே கனடாவில் காலை நேரம். பத்மா ஓடிப்போய் போனைப் போட்டார்.

"ஆன்ட்டி, சரி ஆயிடுச்சு! இப்ப அமுக்கிப் பாருங்க!"

மறுமுனையில் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்:

"பரவால்லமா. விடு. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

பத்மாவின் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏன் ஆன்ட்டி?"

"இஷ்டம் இல்லன்னா நேராவே சொல்லி இருக்கலாமேமா. நானும் இந்த ஊருக்காரிதான், எனக்கா தெரியாது? கடைல சரக்கு குடுக்க மனசு இல்லன்னா 'இங்க நல்லாத்தான் இருக்குது, உங்களுக்குத்தான் தெரியல'ன்னு சொல்லுவாங்க. நான் ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் நீங்க அதத்தானே சொன்னீங்க? அவசர ஆர்டரு, வேணாம்னு நெனச்சீங்க போலன்னு விட்டுட்டேன்."

நாங்கள் அவர் நழுவுகிறார் என்று நினைத்தோம். அவர் நாங்கள் நழுவுகிறோம் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் மரியாதை, இரண்டு பக்கமும் வருத்தம், நடுவில் என் ஒரு வரி. "இங்க வருதே" என்பதை நான் தகவலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அது கதவைச் சாத்தும் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

முதலாளி போனை வாங்கினார். வெளிநாட்டுக்குப் பேசுகிறோம் என்பதால் கத்தினார்.

"அம்மா! தப்பு எங்க மேல! இப்பதான் பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்து, உங்கள மாதிரியே அமுக்கிப் பாத்தேன். வெள்ளையாத்தான் வந்துது! நீங்க சொன்னது சத்தியம். எங்க மருமக ஆரம்பத்துலேந்தே உங்களத்தான் நம்பினா. நான்தான் நம்பல. ஒரே ஒரு தடவ அமுக்குங்கம்மா!"

 அந்தக் குரல், கொஞ்சம் இளகி: "பஸ் ஸ்டாண்டுக்கா போனீங்க?"

"ஆமாம்மா! கர்ட்டன்லாம் போட்ட ரூமு!"

ஓரிக்கைக்கார அம்மா சிரித்துவிட்டார். "இருங்க, கண்ணாடி எடுத்துக்கினு வரேன்."

நாங்கள் நாலு பேரும் அந்த அட்டைப் பெட்டி அறையில் நின்றோம். சாயப்பட்டறை ஆளும் உள்ளே வந்துவிட்டார், என்ன நடக்கிறது என்று தெரியாமலே. பத்மா ஆர்டர் பக்கத்தைத் திறந்தார். ஒன்றுமில்லை. மறுபடி திறந்தார். ஒன்றுமில்லை. மறுபடி.

பாடி மாம்பழ மஞ்சள். பார்டர் அரக்கு.

"அரக்கு," என்றார் பத்மா. திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"மாம்பழத்துக்கு அரக்கு," என்றார் முதலாளி. "நல்ல செலக்சன்." திரும்பி, "இன்னாபா நின்னுக்கினு இருக்கிற? கேட்டல்ல? நூலை எடு."

மறுநாள் பின்வாசல் வழியாக நான் போனபோது பத்மாவின் அறையில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.  ஆர்டர் வந்தும் வாக்கு மாறிவிட்டாரா? கேட்கத் திரும்பினால், கடையின் முன்பக்கம், கல்லாவுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரோடு பத்மா உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவரிடம் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள உக்காந்து இருந்தா வாசல் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க இன்ஜினியரே," என்றார் முதலாளி.

பாடம் என்று எழுதித்தரச் சொன்னார்கள். எழுதிவிடுகிறேன். யாராவது வரவில்லை என்று சொன்னால், "எனக்கு வருதே" என்று வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து வெளியே போய்ப் பாருங்கள். உங்கள் மெஷின் உங்களுக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும், அது உங்கள் வீட்டுப் பிள்ளை. இதற்குப் பிறகும் நான் எத்தனையோ முறை "எனக்கு வருதே" என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லும்போதே மேல்பட்டையில் முகவரியைப் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் முன்னேற்றம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முதலாளி, கையில் ஊன்றுகோலோடு. பத்மாதான் முழுக் கடையையும் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"இன்ஜினியரே! பொங்கல் வாழ்த்துகள்!"

"உங்களுக்கும் மொதலாளி!"

எங்களுக்கு நடுவில் தேங்காய்த் தட்டோடு நின்ற ஓர் அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாவம், பெரியவருக்குத்தான் ஞாபகம் தப்பிடுச்சுன்னா, இவருக்கு இன்னா ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.